ஒண்ணும் செய்யாத மருந்தும் பதினோரு கெளுத்திகளும்

சுடலைக்கண்ணன் பத்தொன்பது வருடமாகக் கொல்லுகிற தொழிலில் இருக்கிறார். ஆனாலும் பரம சாது. கரப்பான், மூட்டைப்பூச்சி, கரையான், எறும்பு தவிர வேறு எந்த ஜீவனுக்கும் மனதால்கூடத் தீங்கு நினைக்காதவர். கம்பெனி கொடுத்த அடையாள அட்டையில் 'டெக்னீஷியன்' என்று போட்டிருக்கிறது. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து மூன்றாவது சந்தில் நுழைந்து கேட்டால் 'மருந்துக்காரர் வீடு' என்று கை காட்டுவார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் டாக்டர் என்று நினைத்துக்கொண்டு இருமலோடு வந்து நின்றதும் உண்டு.

அவருடைய மீசையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அது முகத்தில் இருக்கிற மீசை அல்ல. முகம்தான் அதன் பின்னால் இருந்தது. கல்யாணப் போட்டோவில், ஆதார் அட்டையில், ரேஷன் கார்டில் எல்லாவற்றிலும் மீசை தெளிவாக விழுந்திருக்கும், ஆள் கொஞ்சம் மங்கலாக இருப்பார். கம்பெனி கொடுத்த முகக்கவசத்தை அவர் போடுவதில்லை. போட்டால் மீசை நசுங்கும். கையுறையும் போடுவதில்லை. போட்டால் மீசையை முறுக்க முடியாது. பாதுகாப்பு விதிகளை எழுதிய அதிகாரிக்கு மீசை கிடையாது போலிருக்கிறது.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அவர் கால் வைக்காத சமையலறை இல்லை. எந்த வீட்டில் மருந்துக் குழாயைத் தூக்கினாலும் வீட்டுக்காரர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். சுடலைக்கண்ணன் தமிழில் "ஒண்ணும் செய்யாது சார்" என்பார். இந்தியில் "குச் நஹி ஹோதா மேடம்." மராத்தியிலும் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். மூன்று மொழியிலும் அதே நிச்சயம். "சின்னப்பிள்ள இருக்க வீட்லயும் தைரியமா அடிக்கலாம்" என்பது கொசுறு. இதைப் பத்தொன்பது வருடம் சொன்னதில் ஊருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. ஊரை விட அதிகமாக அவருக்கு வந்துவிட்டது.

அப்படி நம்பாத ஒரே மனிதர் மாட்டுங்கா வைத்தீஸ்வரன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ரிட்டயர் ஆனவர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் பிளாட்டுக்கு மருந்து அடிக்கப் போக வேண்டும். ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி.

"மீனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஒண்ணும் செய்யாது சார்."

"செய்யாதுதான். இருந்தாலும் மூடிடறேன்."

காற்று மெஷினை நிறுத்தி, தொட்டியின் மேல் பிளாஸ்டிக் விரித்து, அதன் மேல் ஈரத்துண்டு, அதன் மேல் போர்வை. ஆபரேஷன் தியேட்டருக்குக்கூட இவ்வளவு ஜோடிப்பு இருக்காது. சுடலைக்கண்ணன் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். படித்தவர்களின் பயத்துக்கு மருந்து இல்லை என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை.

சென்ற ஆனியில் மருந்து அடித்து முடித்து, சன்னல்களைத் திறந்து வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து வைத்தீஸ்வரன் போர்வையை விலக்கியபோது, தொட்டியின் அடிமணலில் ஆறேழு குட்டி மீன்கள் மூக்கால் எதையோ தேடிக்கொண்டிருந்தன. விரல் நீளம்கூட இல்லை. ஒவ்வொன்றுக்கும் வாயோரத்தில் மீசை.

"இது கெளுத்திலா!" என்றார் சுடலைக்கண்ணன். குழம்பில் பார்த்த பழக்கம்.

"கேட்ஃபிஷ். ஆறு வருஷமா இருக்கு. நன்னா பாருங்கோ, மீசை உங்க ஜாடையாவே இருக்கோன்னோ?"

உள்ளே அவர் மனைவி சிரித்தார். சுடலைக்கண்ணனும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். "எங்க வீட்லயும் ரெண்டு வாங்கி விடணும் சார்" என்று சொல்லிவிட்டார்.

"அது எல்லாராலயும் ஆகாது ஓய். அதுக்கு ஒரு அட்மாஸ்பியர் வேணும்."

மாட்டுங்காவிலிருந்து தாராவிக்கு நடந்தால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் அட்மாஸ்பியர் அவர் கூடவே நடந்து வந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே அக்தர் பானுவின் கடைக்குப் போனார்.

தாராவி மெயின் ரோட்டில், கோழிக்கடைக்கும் மொபைல் ரிப்பேர் கடைக்கும் நடுவில் இருந்தது பானுவின் மீன்கடை. அவளுடைய வாப்பாவுக்கு மேலப்பாளையம். அவள் பிறந்தது இங்கே. நெல்லைத் தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பாள். இரண்டடித் தொட்டி, மணல், காற்று மெஷின், ஒரு தங்க மீன், இரண்டு கெளுத்தி என்று கட்டிக் கொடுத்தாள்.

"தண்ணிய நேரா நல்லாவுல இருந்து, அதான் கொழாய்ல இருந்து, விடாதீங்க அண்ணாச்சி. முனிசிபாலிட்டி குளோரின் மீனுக்கு ஆவாது. ஒரு நாள் புடிச்சு வச்சு, அடுத்த நாள் ஊத்துங்க. பஸ், கெளுத்தி சொகமா பிந்தாஸ் இருக்கும்."

சரியான அறிவுரை. ஆபத்தே அங்கேதான் ஆரம்பித்தது.

பன்னிரண்டுக்குப் பத்து அடி அறையில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைப் பிடித்து வைப்பது என்பது சாதாரண விஷயம் அல்ல. அவர் மனைவி சங்கரேஸ்வரி இட்லி மாவு அரைத்துச் சந்து முழுக்க விற்கிறவள். வீட்டிலிருக்கும் டிரம், வாளி, அண்டா எல்லாம் அவளுடைய ராஜ்ஜியம். "மீனு மோந்த தண்ணிக்கு எம் பாத்திரத்தத் தொட்டீங்க, ரெண்டு பேரும் வெளிய" என்றாள். இரண்டு பேர் என்றது அவரையும் மீனையும்.

எனவே சுடலைக்கண்ணன் தன் சொந்த ஆஸ்தியை எடுத்தார். மருந்து வருகிற ஐந்து லிட்டர் வெள்ளைக் கேன். காலியானதும் ஓட்டை போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது கம்பெனி விதி. பிடி இருக்கிறது, மூடி இருக்கிறது, ஒழுகாது. இப்படிப்பட்ட ஒரு பொருளில் ஓட்டை போடச் சொல்கிறவன் தாராவியைப் பார்த்திருக்கவே மாட்டான். உலகம் வீசி எறிந்த பிளாஸ்டிக்கையெல்லாம் பொறுக்கி, கழுவி, உருக்கி மறுபடியும் உலகத்துக்கே விற்கிற ஊர் இது. இங்கே நல்ல கேனில் ஓட்டை போடுகிறவனைக் குடும்பத்தில் சேர்க்க மாட்டார்கள். கம்பெனியில் கணக்கெழுதுகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, சோப்புத்தூள் போட்டு மூன்று தடவை, புளி போட்டு ஒரு தடவை கழுவி, கூரையில் வெயிலில் காயவைத்து, பத்தொன்பது வருடமாகக் கேன்களைக் கொண்டுவந்திருந்தார். தனக்கு மட்டுமா? சந்தில் காதுகுத்து, கல்யாணம், புது வீடு எதுவானாலும் சுடலைக்கண்ணன் கையில் இரண்டு கேன் இருக்கும். தண்ணீர் வரும் நேரத்தில் குழாயடியில் வரிசையாக நிற்கிற வெள்ளைக் கேன்களைப் பார்த்தால் அவருடைய தாராள மனது விளங்கும்.

முதல் ஜோடிக் கெளுத்தி ஐந்தாம் நாள் போயிற்று. ஒன்று சுற்றிச் சுற்றி வந்தது, மல்லாந்தது. மற்றது துணைக்குப் போன மாதிரி மாலையில் போனது. தங்க மீன் மட்டும் மேலே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அது எப்போதும் அப்படித்தான் நிற்குமோ என்னவோ.

அடுத்த ஜோடிக்கு ஒன்பது நாள் ஆயுள். அதற்குள் சந்தில் செய்தி பரவிவிட்டது. மீன் வளர்க்காத ஒவ்வொருவருக்கும் மீன் வளர்ப்பில் நீண்ட அனுபவம் இருந்தது. தொட்டி தெற்குப் பார்க்கிறது என்றார் ஒருவர். டிராம்பே ஆலைகள் பக்கத்திலிருந்து வருகிற காற்று கெளுத்திக்கு ஆகாது என்றார் இன்னொருவர். அந்தக் காற்றை அவரே ஐம்பது வருடமாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். மாவு வாங்க வந்த சண்முகவடிவு தொட்டியை உற்றுப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டிருக்கும்" என்று சொல்லி, கண் எடுக்காமல் இன்னும் ஐந்து நிமிடம் பார்த்தாள். பாண்டுப்பில் இருக்கிற மைத்துனர் வீடியோ காலில் வந்து உப்புப் போடச் சொன்னார். மூன்றாவது தடவை வாங்கிய மூன்று கெளுத்திக்கும் சுடலைக்கண்ணன் ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டார். அவை தங்கள் துன்பத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டன.

ஏழு ஆயிற்று.

சந்து முனையில் நம்பிராஜனின் சலூன். நம்பிராஜனும் சுடலைக்கண்ணனும் ஒரே வருடம் ஒரே ரயிலில் வந்து தாதரில் இறங்கியவர்கள். அந்த மீசையை இருபது வருடமாக ஒதுக்கி, எண்ணெய் போட்டு, நுனி பார்த்து வருகிறவர் நம்பிராஜன்தான். மீசையின் உரிமையாளர் சுடலைக்கண்ணன் என்றால், அதன் கொத்தனார் அவர்.

சுதந்திர தினத்தன்று சந்து முனையில் கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும் ஆண்கள் எல்லாம் சலூனில் வந்து ஒதுங்கினார்கள்.

"என்னல மருந்து, இன்னைக்கும் ஒன் வீட்ல எழவா?" என்றார் நம்பிராஜன், கத்தரியை நிறுத்தாமல்.

"மூணும் போச்சு."

"ஒன் வீட்டுக் கரப்பான் எத்தனை போச்சு?"

பெஞ்சு சிரித்தது. பெஞ்சில் முக்கியமானவர் பிச்சையா. பேன்ட் தைக்கிறவர், பஞ்சாயத்துக்கும் போகிறவர். அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"கரப்பானுக்கு நான் வீட்ல மருந்து அடிக்கலல்லா."

"ஏன் அடிக்கல?"

"வீட்ல பிள்ள இருக்குல்லா."

இந்தப் பதிலில் யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. சொன்னவருக்கும் தெரியவில்லை. பேச்சு மீனுக்குத் திரும்பியது.

"கெளுத்திய சேத்துக்குள்ள போட்டு மிதிச்சாலும் சாவாதுடே" என்றார் பிச்சையா. "அதைக் கொல்லணும்னா தனித் திறமை வேணும்."

"அந்த பானு நோய் புடிச்ச மீனா பாத்து விக்கா அண்ணாச்சி. நான் என்ன செய்ய?"

"அப்பிடியா? நாலு மீனு புதுசா வாங்கு" என்றார் நம்பிராஜன். "நீயே பொறுக்கி எடு. ஒரு மாசம். நாலுல ஒண்ணு உசுரோட இருந்துட்டா ஒரு வருசத்துக்கு ஒனக்கு ஓசி ஷேவிங்."

"செத்துட்டா?"

"நீ சொல்லு."

சுடலைக்கண்ணனுக்கு அட்மாஸ்பியர் ஞாபகம் வந்துவிட்டது. "நாலும் செத்துட்டா இந்த மீசைய எடுத்துருதேன்" என்றார்.

கத்தரி நின்றது. சிரிக்க வேண்டிய இடத்தில் பெஞ்சு சிரிக்கவில்லை. இந்தச் சந்தில் கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு மாற்றிப் பேசியவர்கள் உண்டு. மீசை மேல் சொல்லி மாறியவர் யாரும் இல்லை. நம்பிராஜன் கண்ணாடியின் ஓரத்தில் சோப்பைத் தொட்டு நான்கு கோடு போட்டார்.

அதற்குப் பிறகு சுடலைக்கண்ணன் மீனுக்குச் செய்த பணிவிடையைப் பெற்ற தாய்க்குச் செய்திருந்தால் ஊரில் சிலை வைத்திருப்பார்கள். காலையில் எழுந்ததும் இரண்டு கேன் பழைய தண்ணீரை மொண்டு கொட்டுவார். முந்தின நாள் பிடித்து வைத்த இரண்டு கேனைப் பக்குவமாக ஊற்றுவார். மீன் கொஞ்சம் சோர்ந்தால் மூன்று கேன். இன்னும் சோர்ந்தால் நான்கு. அவருடைய மகள் சாதனா பத்தாவது படிக்கிறாள். போனில் மீன் வளர்ப்பு வீடியோவாகப் பார்த்துவிட்டு, "பப்பா, டெய்லி பானி மாத்தக்கூடாதாம்" என்றாள். "போன வச்சிட்டுப் படி" என்றார்.

நான்காம் நாள் ஒரு கோடு அழிந்தது. பதினோராம் நாள் இன்னொன்று. நம்பிராஜன் அவரைப் பார்க்கும்போதெல்லாம் கத்தியைத் தோல்பட்டையில் இரண்டு இழுப்பு இழுக்க ஆரம்பித்தார். பதினெட்டாம் நாள் மூன்றாவது மீன் மல்லாந்தது. மிச்சமிருந்த ஒன்றும் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்து, கேன் தண்ணீர் உள்ளே விழும்போது மட்டும் துடித்தது. உற்சாகம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பத்தொன்பதாம் நாள் வேலைக்குப் போகாமல் பானு கடை வாசலில் போய் நின்று சத்தம் போட்டார். பத்தொன்பது வருடத்தில் போடாத சத்தம். நோய் மீன் விற்கிறாள், ஏமாற்றுகிறாள், ஒரு ஆண்பிள்ளையின் மீசையோடு விளையாடுகிறாள்.

பானு வெளியே வந்து ஷட்டரை இறக்கினாள்.

"அண்ணாச்சி, உங்க மீனோட அண்ணன் தம்பி எல்லாம் எங்கடைல சுகமா இருக்கு. உங்க வூட்டுக்கு வந்தா மட்டும் மவுத்தாவுதுன்னா எம்மேல பழியா? ஏற்கனவே ரெண்டு கிராக்கி திரும்பிப் போயிட்டான், நோய் மீனு கடைன்னு. நடங்க. நான் பாக்கேன்."

வீட்டுக்குள் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்தாள். மெஷின் ஓடியது. மணல் சுத்தம். தீனி சரி.

"மனுசனுக்குக்கூட இந்தக் கவனிப்பு கெடையாது பானு" என்றாள் சங்கரேஸ்வரி. "எனக்கு டெங்கு வந்தப்ப எனக்கு ஒரு தம்ளர் தண்ணி மாத்தி வச்சாவளா, கேளு."

"தண்ணி எதுல புடிக்கீங்க?"

சுடலைக்கண்ணன் பெருமையாகக் கேன்களைக் காட்டினார். "சோப்புத்தூள் மூணு தடவ, புளி ஒரு தடவ. மோந்து பாரு."

பானு மூடியைத் திறந்து மோந்தாள். "சோப்பு வாசம்தான் வருது. இதுல முன்னால என்ன இருந்துச்சு?"

"மருந்து."

"என்ன மருந்து?"

"ஒண்ணும் செய்யாது பானு."

சாதனா கேனைத் திருப்பினாள். அடிப்பக்கம் பாதி கிழிந்த லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இங்கிலீஷில் பொடி எழுத்து. "பப்பா, இதுல ஃபிஷ்னு ஏதோ போட்டிருக்கு" என்றாள். இன்னும் குனிந்து வாசித்தாள். "பப்பா, மச்லிக்கு ஜஹர்னு போட்டிருக்கு."

"நீ சரியா வாசி."

"சரியாதான் வாசிக்கேன்."

வேலைப் பையில் புது மருந்து ஒன்று இருந்தது. அதன் கழுத்தில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு காகிதம் மடித்துச் செருகியிருக்கும். பத்தொன்பது வருடத்தில் அப்படி ஆயிரம் காகிதத்தை அவர் பிரிக்காமலே வீசியிருக்கிறார். இன்று பிரித்தார். பிரிக்கப் பிரிக்க நாளிதழ் அகலத்துக்கு வந்தது. பன்னிரண்டு மொழி. தெலுங்குக்கும் மலையாளத்துக்கும் நடுவில் எறும்பு வரிசை போலத் தமிழ். வெளிச்சத்துக்குப் போய்க் காகிதத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளை மாதிரி சத்தமாக வாசித்தார்.

"மீன்களுக்கு மிகுந்த நச்சுத்தன்மை உடையது. குளம், குட்டை, ஓடைகளில் கலக்க விடக்கூடாது. மருந்து தெளிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். காலிக் கலன்களை வேறு எந்த உபயோகத்துக்கும் பயன்படுத்தக்கூடாது. துளையிட்டு..."

அங்கே நிறுத்திவிட்டார். தொட்டி ஸ்டாண்டின் மேல் ஒரு கரப்பான் நிதானமாக நடந்து போனது.

பானு வலையை எடுத்து அந்தக் கடைசி மீனை மொண்டாள். "நல்ல தண்ணி வேணும், ஜல்தி. ஒரு நாள் இருந்த தண்ணி."

ஒரு நாள் இருந்த தண்ணீர் சங்கரேஸ்வரியின் நீல டிரம்மில்தான் இருந்தது. அவள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் கொடுத்த எவர்சில்வர் அண்டாவைக் கவிழ்த்துத் துடைத்து, அதில் தண்ணீரை மொண்டு ஊற்றினாள். பெயர் வெட்டிய அண்டாவுக்குள் இரண்டங்குலக் கெளுத்தி இறங்கியது. தங்க மீனும் பின்னாலேயே போனது. அப்புறம்தான் சங்கரேஸ்வரி கேட்டாள்.

"அப்போ சந்துல எல்லா வீட்டுக்கும் குடுத்தீங்களே, அது?"

சுடலைக்கண்ணன் மனதுக்குள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். பிச்சையா வீட்டில் இரண்டு. சண்முகவடிவு வீட்டில் மூன்று. அதில் ஒன்றில் குடிதண்ணீர். நம்பிராஜன் சலூனில் ஒன்று. முகம் நனைக்கிற தண்ணீர் அதில்தான்.

அண்டாவில் கெளுத்தி இரண்டு நாள் சாய்ந்தே கிடந்தது. மூன்றாம் நாள் நிமிர்ந்தது. ஐந்தாம் நாள் அண்டாவின் அடியில் மூக்கால் தேட ஆரம்பித்தது. மணலும் பழைய தொட்டியும் வீட்டை விட்டுப் போயின. இட்லி மாவு அந்த மாதம் வாளியில் புளித்தது.

முப்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெஞ்சில் இடம் இல்லை. எழவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகாதவர்கள்கூட வந்திருந்தார்கள். கண்ணாடி ஓரத்தில் ஒரே ஒரு கோடு. சுடலைக்கண்ணன் பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் காற்றும் அடைத்து, உள்ளே கெளுத்தியோடு வந்தார். பின்னால் பானு வந்து வாசலில் நின்றுகொண்டாள்.

நம்பிராஜன் பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீன் மீசையை ஆட்டியது.

"உசுரோடதான் இருக்குடே" என்றார், கொஞ்சம் நிம்மதியோடு. தன் கையால் கட்டியதைத் தானே இடிக்கிற நிலை அவருக்கு வரவில்லை. "ஒக்காரு. இன்னைல இருந்து ஓசி. என்னல செஞ்ச கடைசில?"

"தண்ணிய மாத்துனேன். கேனைத் தூரப் போட்டேன்." சுடலைக்கண்ணன் உட்காரவில்லை. "மீனைக் கொன்னது பானு இல்ல. என் மருந்து. கேனுக்குள்ள ஒட்டிக்கிட்டு நிக்கி, கழுவினா போவாது. நம்பி, அந்தா இருக்க கேனைக் குடு. பிச்சையா அண்ணாச்சி, ஒங்க வீட்ல ரெண்டு இருக்கு. எல்லாரும் குடுத்துருங்க."

பிச்சையா சிரித்தார்.

"புதுசா கேன் ஏவாரம் தொடங்கப் போறானோ?"

"இல்லண்ணாச்சி. காகிதத்துல போட்டிருக்கு."

"காகிதத்துல என்னமும் போடுவான். சிகரெட் டப்பாவுலயும்தான் போட்டிருக்கான்" என்று பிச்சையா ஒன்றைப் பற்றவைத்தார்.

"மீனுக்கு ஆவாதுன்னா எனக்கென்னல?" என்றார் நம்பிராஜன். "நான் மீனா? அஞ்சு வருசமா அந்தத் தண்ணிலதான் ஊரு மூஞ்சியக் கழுவுதேன். எவன் செத்தான்? பத்தொம்பது வருசமா ஒண்ணும் செய்யாது ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்ப அது பொய்யா, இது பொய்யா?"

"அது."

"பானு சொல்லிக் குடுத்திருக்கா" என்று பெஞ்சில் ஒரு குரல். "அவ கடைப் பேரைக் காப்பாத்தணும்லா." எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். பானு சேலை முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, போகாமல் நின்றாள்.

சுடலைக்கண்ணன் மீன் பையைப் பானு கையில் கொடுத்தார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"மீசைய எடு நம்பி."

"கோட்டி புடிச்சிட்டா? நீ ஜெயிச்சுட்டல்லா!"

"ஜெயிச்சவன் தாரேன். நீ கேனைக் குடு."

"ஒரு கேனுக்கா மீசைய எடுப்பான் ஒருத்தன்?"

"ஒரு கேன் இல்ல. இந்தச் சந்துல நாப்பது இருக்கும்." கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்தொம்பது வருசம் இந்த வாயாலதான் சொன்னேன். இப்ப அதே வாயால மாத்திச் சொன்னா எவன் நம்புவான்? எடு."

நம்பிராஜன் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிச்சையா சிகரெட்டைக் கீழே போட்டார். துண்டைப் போர்த்தி, சோப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, பழக்கத்தில் மூலைக் கேனுக்குப் போன நம்பிராஜன் மூடியில் கை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கிண்ணத்தோடு தெருவுக்கு இறங்கி, டீக்கடையில் போய்த் தண்ணீர் வாங்கி வந்தார்.

ஓசி ஷேவிங்கில் முதலாவது அதுதான். இருபத்தைந்து வருடத்து மீசை நான்கு நிமிடத்தில் துண்டில் கிடந்தது. கீழே இருந்த உதடு வெயில் பாராத வெளுப்பாக, யாரோ சின்னப் பையனுடையது போல இருந்தது. யாரும் கேலி செய்யவில்லை. பிச்சையா எழுந்து போய், வரும்போது இரண்டு கையிலும் கேனோடு வந்தார்.

அன்று சாயங்காலத்துக்குள் நாற்பத்து மூன்று கேன் சேர்ந்தது. நல்ல காரியத்துக்கு மக்கள் எப்போதும் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்கள்தான். மாற்றுக் கேன் எப்போது வரும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்கள். சண்முகவடிவு மூன்றுக்குப் பதில் ஐந்து கொண்டுவந்தாள். அதில் இரண்டு எண்ணெய்க் கேன். சுடலைக்கண்ணன் வாசலில் உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றிலும் ஓட்டை போட்டார். நல்ல கேனில் ஓட்டை போடுவது கையை வலிக்கிறதோ மனதை வலிக்கிறதோ, பத்தாவது கேனுக்கு மேல் அவருக்கே தெரியவில்லை. சங்கரேஸ்வரி இரண்டு தடவை அவரைக் கடந்து போய், மூன்றாவது தடவை நின்று முகத்தைப் பார்த்து, "பரவாயில்ல" என்றாள். அண்டா எப்போது காலியாகும் என்றும் கேட்டாள்.

மார்கழியில் வைத்தீஸ்வரன் வீட்டு முறை வந்தது. சுடலைக்கண்ணன் முகக்கவசம் போட்டிருந்தார். நசுங்க ஒன்றும் இல்லை. கையுறையும் போட்டிருந்தார்; முறுக்க ஒன்றும் இல்லை. வைத்தீஸ்வரன் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஈரத்துண்டோடு தொட்டிப் பக்கம் போனார்.

"மீனுக்கு ஒண்ணும் ஆயிடாதே?"

"ஆகும் சார். துண்டு பத்தாது, தொட்டிய நான் மூடுதேன். நீங்களும் மாமியும் நாலு மணி நேரம் வெளிய இருந்துட்டு வாங்க. வந்ததும் சன்னல் எல்லாத்தையும் தொறந்து போடுங்க. சமையல் மேடையத் தொடச்சிட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கணும்."

வைத்தீஸ்வரனின் முகம் மாறிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைப் பாதி சாத்தினார். பாதி திறந்த கதவு வழியாகப் பேச்சு முழுதாகக் கேட்டது.

"யாரோ புது ஆளை அனுப்பிச்சிருக்கேள். ஒரு எழவும் தெரியலை. மருந்து ஆபத்துங்கறான், வீட்டை விட்டுப் போங்கோங்கறான், மாமி பயந்துபோயிட்டா. வழக்கமா ஒருத்தர் வருவாரே, பெரிய மீசைக்காரர், அனுபவஸ்தர். அடுத்த தடவை அவரையே அனுப்புங்கோ."

உள்ளே அனுபவஸ்தர் தொட்டியின் மேல் மூன்றாவது போர்வையைப் போட்டு, நான்கு மூலையையும் இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.